கர்த்தருக்கு வைத்த சோளம்

எங்கள் சபையில் சாட்சி சொல்லச் சொன்னால் எல்லாரும் மழைக்கு நன்றி சொல்வார்கள், வெள்ளாமைக்கு நன்றி சொல்வார்கள், மகளுக்கு நல்ல இடத்தில் மாப்பிள்ளை அமைந்ததற்கு நன்றி சொல்வார்கள். நான் எழுந்தால் பஞ்சத்துக்கு நன்றி சொல்வேன். உடனே பாதிப் பெண்கள் திரும்பி என்னை முறைப்பார்கள். "இவளுக்குக் கிறுக்கு முத்திப்போச்சு" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். பஞ்சம் நல்லது என்று நான் எங்கே சொன்னேன்? அது வந்த வருஷம் என் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத்தான் தெரியும். கிழவியான பிறகு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவள் நான். என் எழுத்து கோழி கிண்டியதுபோல்தான் இருக்கும். இருந்தாலும் எழுதி வைத்துவிடுகிறேன்.

நாங்கள் குடியிருந்தது ராஜபாளையத்தின் ஓரத்தில், வீடுகள் முடிந்து பருத்திக்காடு தொடங்கும் இடத்தில். என் புருஷனுக்குச் சோழபுரத்தில் நிலம் வைத்திருந்த ஒரு சம்சாரி வீட்டுத் தோட்டத்தில் கமலை ஓட்டும் வேலை. விடியுமுன் மாட்டைக் கட்டினால் வெயில் உச்சிக்கு ஏறும்வரை கிணற்றுத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பருத்தி வெடிக்கும் காலத்தில் நான் பருத்தி எடுக்கப் போவேன். எங்கள் மூத்த மகன் நடை பழகும் வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அதற்கு மறுவருஷம் வேதத்துக்கு வந்தோம், கிறிஸ்தவர்களானோம். ஏன் வந்தீர்கள் என்று யாராவது கேட்டால் நான் பொழுது சாயும்வரை பேசுவேன். அவர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இந்த வீட்டில் பேச்சை எல்லாம் நானே குத்தகைக்கு எடுத்துவிட்டேன் என்று தெருவில் கேலி செய்வார்கள்.

வேதத்துக்கு வந்த வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்குமுன் ஒரு பிடி தானியத்தைக் கர்த்தருக்கென்று தனியாக எடுத்து வைக்க வேண்டும். பிடியரிசி என்று அதற்குப் பெயர். அரிசிக்கு நாங்கள் எங்கே போவது? சோளந்தான் போட்டோம், பெயர் மட்டும் அரிசி. அதற்கென்று ஒரு மண்கலயம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்த எங்கள் சபைக் குருவை ஐயர் என்போம்; அவர் சம்சாரம் ஐயரம்மா. அந்த அம்மாதான் எனக்குக் கலயத்தைக் கொடுத்து, போடும்போது ஒரு சின்ன ஜெபமும் சொல்லிக்கொடுத்தார்கள். மாதக் கடைசியில் ஐயருக்கு உதவியாக இருந்த உபதேசியார் அங்கிருந்து நடந்து வந்து, வீடு வீடாகக் கலயத்தைக் கவிழ்த்து வாங்கிக்கொண்டு போவார்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. முந்தின வருஷமும் சரியாகப் பெய்யவில்லை. தோட்டக் கிணற்றில் தவளைகூட இல்லை என்று என் புருஷன் வந்து சொன்னார். கமலை நின்றது, கூலி நின்றது. கீரை பறித்தோம், கள்ளிப்பழம் தின்றோம், புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி ஊறவைத்து மென்றோம். இது போதாதென்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வாந்திபேதி கண்டுவிட்டது. அந்தச் சாலையில் ஆள் நடமாட்டமே அற்றுப்போனது. உபதேசியாரும் வரவில்லை. அவர் வராவிட்டால் என்ன, நான் கலயத்தில் போடுவதை நிறுத்தவில்லை. என் பிடி சிறுத்துக்கொண்டே வந்தது, ஆனாலும் போட்டேன். சோளப் பானை காலியாகக் காலியாகக் கலயம் கழுத்துவரை ஏறியது. கடைசியில் வீட்டில் தானியம் என்று இருந்தது அந்தக் கலயத்தில் மட்டுந்தான். போட ஒன்றும் இல்லாதபோது அதன் வாயைத் துணியால் கட்டி வைத்துவிட்டேன்.

அதை எடுத்துக் காய்ச்சிக் குடிப்பதுதானே என்று இதைப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. சாமிக்கு நேர்ந்துவிட்டதைத் தொட்டால் சாமி கண்ணைக் குத்தும். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பேச்சு. கிடாயை நேர்ந்துவிட்டால் அது யார் காட்டில் மேய்ந்தாலும் ஒருத்தரும் கல்லெடுத்து எறிய மாட்டார்கள். காணிக்கையை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தால் வீடே பட்டினி கிடந்தாலும் அந்த முடிச்சு அவிழாது. சாமி மேல் நான் குறை சொல்லவில்லை. என்னைப் பெற்றவர்கள் அந்தச் சாமியைக் கும்பிட்டுத்தான் என்னை ஆளாக்கினார்கள். பயம் எங்களுடையது. கோவிலை மாற்றிக்கொண்ட நாங்கள் பயத்தை மட்டும் பத்திரமாக மடியில் கட்டி எடுத்து வந்திருந்தோம். அதனால் அந்தக் கலயத்துக்குப் பக்கத்திலேயே படுத்துப் பட்டினி கிடந்தோம்.

பெரியவர்கள் கிடக்கலாம். என் கையில் ஒரு பெண்குழந்தை இருந்தது, இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. எனக்குப் பால் வற்றிவிட்டது. சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டுப் பிள்ளை அழும். பிறகு அழவும் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகியது. அந்த முனகலைக் கேட்க முடியாமல் நான் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறேன். பெற்றவள் செய்கிற காரியமா அது? செய்தேன்.

எங்கள் சந்துக்கு எதிரே ஒரு ராவுத்தர் வீடு. அவர் கடைத்தெருவில் வெற்றிலை பாக்கும் மிளகாய் வற்றலும் விற்றார். அவர் சம்சாரம் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், கைக்குழந்தைக்காரி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒருநாள் காலையில் அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறு என்று வந்தாள். ஒரு வார்த்தை கேட்காமல் என் மடியிலிருந்த பிள்ளையை எடுத்துத் தன் மார்பில் போட்டுக்கொண்டாள். பிள்ளை குடித்தது. குடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன்.

"எங்க பால குடிச்சுட்டா. இனி எம் மவனுக்கு இவ தங்கச்சி, தெரிஞ்சுக்கோ" என்றாள் அக்கா. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏட்டி, நானும் எம்புட்டு நாளைக்குக் குடுப்பேன்? எம் பிள்ளைக்கும் வேணும்லா. நீ என்னத்தத் திங்க? வீட்டுல தவசம் ஒண்ணும் இல்லையா?"

"இருக்குக்கா. ஆனா அது கர்த்தருக்கு வச்சது."

அவள் கலயத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அல்லாவே! உங்க கர்த்தர் வந்து சோளக்கஞ்சி கேட்டாரா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பசியில் கிடக்கிறவளுக்கு வருகிற கோபத்தைச் சொல்லி முடியாது. உங்கள் நோன்பை நான் கேலி செய்தேனா, என் கலயம் உனக்கு என்ன செய்தது என்றெல்லாம் கத்தினேன். அவள் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி, ஏப்பம் விடவைத்து, என் மடியில் திருப்பிக் கொடுத்தாள். "சத்தம் போடத் தெம்பு இருக்குல்லா, பொழச்சுக்கிடுவே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மகராசியை நினைக்காமல் இன்றுவரை நான் ஒரு ஜெபம் முடித்ததில்லை.

அவள் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. கேட்டாரா? எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கர்த்தரையும் புருஷனையும் "நீர்" என்றுதான் சொல்வேன், சண்டையும் இரண்டு பேரோடும் உண்டு. அன்றைக்கு முற்றத்தில் உரலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாய்விட்டே கேட்டேன். "இங்க பாரும். உமக்கு இந்தச் சோளம் வேணும்னா இப்பவே வந்து எடுத்துக்கிடும். இல்லேன்னா நான் எடுக்கப்போறேன். கண்ணைக் குத்தணும்னா என் கண்ணைக் குத்தும். பிள்ளைய விட்டுரும்." இப்படி ஒரு ஜெபம் எந்த ஐயரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

செத்த நேரம் நின்று பார்த்தேன். காக்கைதான் கத்தியது. உள்ளே போய்க் கலயத்தின் வாய்த்துணியில் கை வைத்தேன். அதுவரை மூலையில் முடங்கிக் கிடந்த என் புருஷன் பாய்ந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"வேண்டாம்ட்டி. இதுவும் போயிரும்."

"எது போயிரும்?"

"பிள்ள."

"தொடலேன்னாத்தான் போயிரும். அது முகத்தைப் பாரும்."

அவர் கையை விடவில்லை. பேசாத மனிதர் அன்றைக்குப் பேசினார். "மூத்தவனுக்குக் காய்ச்ச கண்டப்ப கோழிச்சாறு குடுத்தா தெம்பு வரும்னு சொன்னே. எல்லைச்சாமிக்கு நேந்துவிட்ட சேவல காட்டுப்பூனை தூக்கிட்டுப் போச்சுன்னு உன்கிட்ட சொன்னேன்லா? பூனை இல்ல. நாந்தான். அந்தக் கறியத்தான் சந்தையில வாங்குனேன்னு கொண்டாந்தேன். சாற குடிச்ச பிள்ள அந்த வாரமே போயிட்டான். நாந்தான் அவனக் கொன்னேன். இன்னொண்ணையும் கொல்லச் சொல்லுதியா?"

இவ்வளவு நாளும் ஒரே பாயில் படுத்து எழுந்திருக்கிறோம். இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் எப்படிக் கமலை ஓட்டினார், எப்படி என் பக்கத்தில் உட்கார்ந்து கர்த்தருக்குப் பாட்டுப் பாடினார்? அவரைப் பிடித்து உலுக்கவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டுக்கும் நேரமில்லை. பாயில் பிள்ளை முனகியது.

"அப்படின்னா இந்தத் தடவ நான் கொல்லுதேன். பாவம் எம் மேல வரட்டும். நீரு தள்ளும்" என்று சொல்லி அவர் கையை உதறிவிட்டுத் துணியை அவிழ்த்தேன்.

உள்ளே என்ன இருந்தது தெரியுமா? வண்டு. மேலாகக் கிடந்த சோளத்தில் பாதி ஓட்டையாகி, தொட்டால் மாவாக உதிர்ந்தது. கர்த்தருக்கென்று நாங்கள் வயிற்றைக் கட்டி வைத்ததை வண்டு உட்கார்ந்து சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிலைமையில் சிரித்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள். புடைத்து, வண்டைத் தள்ளி, நல்ல சோளத்தை உரலில் போட்டுக் குத்தினேன். பஞ்ச காலத்தில் உலக்கைச் சத்தம் கேட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். ஒரு கை உப்பும் நாலு வெங்காயமும் கொண்டுவந்து உரல் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். போகிற போக்கில் சிரித்ததை நான் பார்த்துவிட்டேன்.

கஞ்சி காய்ச்சிக் குடித்தேன். குடித்து முடித்ததும் கண்ணைச் சிமிட்டிப் பார்த்துக்கொண்டேன். கண் தெரிந்தது. அவருக்கு ஒரு சட்டியில் ஊற்றி வைத்தேன், தொடவில்லை. அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் மார்பு வெறுமையாகத்தான் இருந்தது, அக்காதான் வந்து கொடுத்தாள். அதற்கும் மறுநாள் பிள்ளை சப்பும்போது எனக்குள் சுரீரென்று ஒரு வலி. பால் வந்துவிட்டது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியது. "கர்த்தாவே, அப்போ நீர் கண்ணைக் குத்துகிற ஆளே இல்லையா!" என்று கேட்டேன். சத்தமாகவே கேட்டேன். அதுவரை நான் நூறு ஜெபம் சொல்லியிருப்பேன். அவரிடம் பயமில்லாமல் பேசிய முதல் வார்த்தை அதுதான். அந்த நிமிஷத்துக்காகத்தான் பஞ்சத்துக்கு நன்றி சொல்கிறேன். வயிறு நிறைந்திருந்த காலத்தில் அந்தக் கலயத்திலிருந்து எடுக்க எனக்கு என்ன அவசியம் வந்திருக்கும்?

ஆனால் என் புருஷன் பயத்திலேயே இருந்தார். பிள்ளை தும்மினால் எழுந்து ஓடி வருவார். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார். அவள் கன்னத்தில் சதை ஏற ஏற அவருக்குப் பயம் கூடியது. மூத்தவனும் சாறு குடித்த அன்று தெளிவாகத்தான் இருந்தானாம். இவரோ கஞ்சியை ஒரு வாய்கூடத் தொடவில்லை. புளியங்கொட்டையும் கள்ளிப்பழமுமாகக் கிடந்து எலும்பும் தோலுமாகிவிட்டார். நான் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கலயத்தை வழித்துத் துடைத்த அன்று, "ஐயர்கிட்ட போயிச் சொல்லிருவோம். அவிய ஜெபம் பண்ணுனா கர்த்தர் பிள்ளைய விட்டாலும் விட்டுருவாரு" என்றார். வாந்திபேதி ஊருக்குக் கைப்பிள்ளையோடு போவதா என்று எனக்குத் திக்கென்றது. இப்போது கொஞ்சம் தணிந்துவிட்டது என்று வண்டிக்காரர்கள் சொன்னார்கள். அவர் முகத்தைப் பார்த்தேன். இப்படியே விட்டால் இவர் போய்விடுவார் என்று தெரிந்தது. கிளம்பினோம்.

வெயிலுக்கு முந்தியே நடந்தோம். பிள்ளை என் இடுப்பில், காலிக் கலயம் அவர் கையில். வழியில் கண்மாய் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவருக்கு நடக்க முடியவில்லை. மரம் கண்ட இடத்திலெல்லாம் உட்கார்ந்தார். பெரிய கோபுரம் தூரத்தில் தெரிந்ததிலிருந்து, இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம் என்று பிள்ளைக்குச் சொல்வதுபோல அவருக்குச் சொல்லிக்கொண்டே நடத்திக் கூட்டிப்போனேன். ஊர் ஓரத்து மடவார் வளாகம் தாண்டும்போது தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாசல் நிலைகளில் செருகிய வேப்பிலை காய்ந்திருந்தது.

ஐயர் வீட்டு வாசலில் பெரிய அண்டாவில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. ஐயர்தான் கிண்டிக்கொண்டிருந்தார். முகம் மழிக்காமல், சட்டை தொளதொளவென்று, ஆளே அடையாளம் தெரியவில்லை. எங்களைக் கண்டதும் அகப்பையை வைத்துவிட்டு வந்தார். என் புருஷன் கலயத்தை அவர் காலடியில் வைத்து, அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார்.

"ஐயா, கர்த்தருக்கு வச்ச தவசத்தத் தின்னுட்டோம்யா."

ஐயருக்குப் புரியவில்லை. நான் சொன்னேன். மழை, கிணறு, பால், கலயம், வண்டு, எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "இவன் ஏன் இப்படி இருக்கான்? நீ மட்டுந்தான் சாப்பிட்டியா?" என்றார். ஆமாம், அவர் தொடவில்லை என்றேன்.

"தொடக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

நானும் என் புருஷனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யோசித்துப் பார்த்தால், யாரும் சொல்லவில்லை. ஐயர் சொல்லவில்லை, உபதேசியார் சொல்லவில்லை, ஐயரம்மாவும் சொல்லவில்லை.

ஐயர் அண்டாவைக் காட்டினார். "இது என்னன்னு நினைக்கே? இந்த ஊரு வீடுகள்ல வந்த பிடியரிசிதான். பசிச்சவங்களுக்குன்னுதானே அத வாங்குறோம். வாந்திபேதி ஊருலேயிருந்து ஆள் அனுப்பக்கூடாதேன்னுதான் உங்க பக்கம் யாரையும் அனுப்பல. நீங்க கலயத்த வச்சுக்கிட்டுப் பட்டினி கிடப்பீங்கன்னு என் புத்திக்கு எட்டலையே!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். மற்ற வீடுகளுக்கும் போய் உடனே கலயத்தைத் திறக்கச் சொல் என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். ஐயரம்மா ஒரு கிண்ணத்தில் கஞ்சி கொண்டுவந்து என் புருஷன் முன்னால் வைத்தார்கள்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். எடுக்கவில்லை. மண்ணில் உட்கார்ந்தபடியே ஐயரை நிமிர்ந்து பார்த்து, சேவல் கதையைச் சொன்னார். என்னிடம் சொன்னதைவிட மெதுவாக, ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "அப்ப அவன் போனது என்னாலதான ஐயா?" என்று கேட்டார்.

ஐயர் ஏதாவது வசனம் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் என் புருஷனுக்கு எதிரே, வெறும் மண்ணில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எம் மவனும் போன மாசம் போயிட்டான்ப்பா. வாந்திபேதி. நான் எந்தச் சேவலையும் அறுக்கலியே."

எங்களுக்குத் தெரியாது. யாரும் வந்து சொல்ல வழியில்லை. ஐயரம்மாவின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன்.

"நானும் தேடித் தேடிப் பாத்தேன்" என்றார் ஐயர். "நான் என்ன செஞ்சேன், எதுல தப்புனேன்னு. கர்த்தர் அப்படிப் பறிக்கிறவரு இல்லன்னு ஊரெல்லாம் போய்ச் சொன்னவன் நான். எம் வீட்டுல நடந்தப்ப அது எனக்கே மறந்துபோச்சு. உன்னப் பாத்ததும் நினைவு வருது. நீ கொல்லல, அய்யா. உம் பிள்ளைக்குச் சாறு குடுத்தே. அம்புட்டுத்தான் நீ செஞ்சது."

மூத்தவனைக் குழியில் வைத்த அன்று என் புருஷன் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. கல்நெஞ்சுக்காரன் என்று என் தாய்வீட்டார் பேசினார்கள், நானும்தான் பேசினேன். கொன்றவனுக்கு அழ என்ன உரிமை என்று இருந்திருக்கிறார். அன்றைக்கு அந்த வாசலில், மூத்தவன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். ஐயரும் அழுதார். அந்த வருஷம் எங்களிடமிருந்து எவ்வளவோ போயிற்று. ஆனாலும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, கர்த்தாவே உமக்கு நன்றி, நன்றி என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

ஐயரம்மா என் பக்கத்தில் வந்து கையை நீட்டினார்கள். பிள்ளையைக் கொடுத்தேன். மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, "நீ போயி அவன் பக்கத்துல உக்காரு" என்றார்கள். போய் உட்கார்ந்தேன். கஞ்சி ஆறிப்போயிருந்தது. கிண்ணத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். குடித்தார்.